முகம் காக்கும் செவிலியர்

திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்குக் கேரள மக்களுடன், அருகிலுள்ள கன்னியாகுமரி மாவட்டத் தமிழரும் வருகின்றனர். விபத்து, தீக்காயம், பிறவிக்குறை ஆகியவற்றால் மாறிய முகங்களை அங்குள்ள பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் சீரமைக்கின்றனர்.

அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் இரவும் பகலும் நோயாளியின் அருகில் இருப்பவர் செவிலியரே. முகத்தில் இரத்த ஓட்டம் மிகுதி. ஆதலால் வீக்கமும் குருதிக்கசிவும் எளிதில் தோன்றும். அவை மூச்சுவழியை அடைத்துவிடலாம். எனவே செவிலியர் முதலில் கவனிப்பது மூச்சையே. பழங்கால மருத்துவர் சுசுருதரும், மூக்கைச் சீரமைத்தபின் மூச்சுக்காக இரு குழல்களைப் பொருத்துமாறு கூறியுள்ளார்.

வீக்கம் குறைய, நோயாளியின் தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைப்பர். கைகளைக் கழுவிய பின்னரே காயத்தைத் தொடுவர். தையல் விரியாதிருக்க மென்மையான உணவு அளிப்பர்.

உடலைப் போலவே உள்ளத்தையும் காத்தல் வேண்டும். இரண்டு மூன்று நாள்களில் வீக்கம் மிகும். அப்போது கண்ணாடியில் தம் முகத்தைக் காண்பவர் கலங்கக்கூடும். ஆகவே, “வீக்கம் மெல்ல வடியும்” என்று அறுவைக்கு முன்பே செவிலியர் விளக்குவர்.

அந்த ஆறுதல் நோயாளிக்குப் புரியும் மொழியில் அமைதல் வேண்டும். தமிழர் ‘வலி’ என்பதை மலையாளிகள் ‘வேதன’ என்பர். இரு சொல்லையும் அறிந்த செவிலியர், நோயாளியின் துன்பத்தை விரைந்து உணர்வார். மொழியறிவும் ஒரு மருந்தே.