நேரம் கேட்கும் மொழி

நோர்வேக்கு வந்த முதற் குளிர்காலத்தில், மனைவிக்காக வைத்தியரிடம் ரெலிபோனில் நேரம் கேட்டேன். ‘ஹால் நீ’ என்றார்கள். ‘அரை ஒன்பது’. ஆங்கிலம் படித்த என் மூளை அதனை ஒன்பதரை என்று எடுத்துக்கொண்டது. நோர்வேஜிய மொழியில் அது ஒன்பதுக்கு அரைமணி முந்திய நேரம், அதாவது எட்டரை. ஒரு மணி நேரம் பிந்திப் போனோம். அடுத்த நேரத்துக்கு மூன்று கிழமை காத்திருந்தோம்.

பின்னர் மகள் பாஷை பிடித்தாள். பத்து வயதில் வைத்தியர், வரிக் கந்தோர் எல்லாவற்றுக்கும் அவளே எமது வாய். எமக்கு அது பெருமையாகவும் இருந்தது. தாயின் இரத்தப்போக்குக்காக நேரம் கேட்டதும் அவள்தான். இருபது வருடங்களின் பின் ஒருநாள் சொன்னாள்: “அண்டைக்கு நேர்ஸ் கேட்டதிலை ஒரு கேள்வியை நான் அம்மாவிட்டைக் கேக்கேல்லை, அப்பா. வெக்கமா இருந்தது. நானே ‘இல்லை’ எண்டு சொல்லிப்போட்டன்.”

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோர்வேயின் மொழிபெயர்ப்பாளர் சட்டம், அவசரநிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, சிறுவரை மொழிபெயர்க்க வைப்பதைத் தடைசெய்கிறது. தகுதியுள்ள ஒருவரை ஒழுங்கு செய்வது பொதுச்சேவையின் பொறுப்பு. அவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனால் அவர் வருவது குறித்த நாளில். அந்த நாளைக் கேட்டுப் பெறுவது யார்? இன்று ரெலிபோனுக்குப் பதிலாக இணையத்தில் நேரம் எடுக்கலாம். எம்மவரில் முதியோர் பலரின் கடவுச்சொல்லோ பேரப்பிள்ளையிடம் இருக்கிறது.

ஒரு வசனம் பாடமாக்கினாற் போதும்: ‘யாய் த்ரெங்கெர் தமில்ஸ்க் தொல்க்’, எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை. இதனை நேரம் எடுக்கும்போதே சொல்லவேண்டும்; அன்று போய்ச் சொன்னால் ஆள் கிடைக்காமற் போகலாம். நேரத்தை எழுத்தில் அனுப்பும்படியும் கேட்கவேண்டும். மொழிபெயர்ப்பவர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற அச்சம் எமது சிறிய சமூகத்தில் நியாயமானது. அப்படியானால் வேறு நகரத்திலுள்ள ஒருவரை, அல்லது ஒரு பெண்ணை, ரெலிபோன் வழியாகப் பேசவைக்குமாறு கேட்கலாம்.

1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையும், விளங்காத மொழியில் வந்த அரச கடிதங்களையும் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். எமது வீட்டில் ஒரு குழந்தையைக் கந்தோருக்கும் தாயின் உடம்புக்கும் நடுவே நிறுத்தியதைப் பற்றி எவ்வளவு எழுதினோம்? இதனை முதலில் என்னிடமே கேட்கிறேன்.