பிக்கப் வாகனத்தில் பாரம் கட்டுதல்

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு எதை எப்படிக் கட்டுவது என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. சொந்தக் காணிக்குத் திரும்புகின்ற குடும்பத்துக்கு அந்த நேரம் இருக்கிறது. லான்ட்மாஸ்டர், நீரிறைக்கும் இயந்திரம், விதைநெல், கதவு நிலைகள் எல்லாம் வாடகைப் பிக்கப் ஒன்றில் ஏறுகின்றன. அடுத்த போகத்துக்கான முதல் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான். ஆனாலும் குறுக்கே ஒரு கயிற்றைப் போட்டுவிட்டு, “பாரமான சாமான்தானே, அசையாது” என்று புறப்பட்டு விடுகிறோம்.

பாரமான சாமான் அசையத் தொடங்கினால்தான் ஆபத்து அதிகம். சடுதியாகப் பிறேக் பிடிக்கும்போது வாகனம் நிற்கும், பாரமோ முன்னே ஓடப் பார்க்கும். பாரத்தின் நிறையில் ஐந்தில் நான்கு பங்கு விசையை முன்பக்கமும், அரைப்பங்கைப் பக்கவாட்டிலும் பின்பக்கமும் தாங்கும்படி கட்டவேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகளின் கணக்கு. 300 கிலோ இயந்திரம் என்றால் முன்னே 240 கிலோ, வளைவில் 150 கிலோ. குறுக்கே போட்ட ஒற்றைக் கயிறு இதற்குப் போதாது.

கயிற்றைத் தொடுமுன் வைக்கும் இடத்தைப் பாருங்கள். மிகப் பாரமானது அடியில், பெட்டியின் முன்சுவரோடு முட்டியபடி இருக்கட்டும். இடைவெளி விட்டால் அது ஓடிவந்து மோதும். பின்சில்லுக்கும் பின்னே பாரம் போனால் முன்சில்லுகள் இலேசாகி, ஸ்டியரிங் பிடி தளரும். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும். கீழே பழைய ரியூப்பை வெட்டி விரியுங்கள். மூட்டைகளைச் செங்கல் அடுக்குவதுபோல மாற்றி மாற்றி அடுக்கவேண்டும்.

அடுத்தது கட்டும் கொளுக்கி. பெட்டியின் வெளிப்பக்கத் தகட்டில் இருக்கும் சிறு கொளுக்கிகள் படங்கு கட்டத்தான் உதவும். பாரத்தைப் பிடிக்க, பெட்டியின் அடித்தளத்தில் நான்கு மூலையிலும் வளையங்கள் வேண்டும். அவை வெறும் தகட்டில் அல்லாமல், கீழே உள்ள இரும்புச் சட்டத்தோடு தடித்த போல்ட்டால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். தகட்டில் ஒட்டிய வளையம் தகட்டோடு பிய்ந்து வரும். துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பின்கதவிலோ அதன் சங்கிலியிலோ கட்டவே கூடாது.

லான்ட்மாஸ்டரைக் கைபிடியில் கட்டுவது நம்மவர் பழக்கம். அது நல்லதல்ல. அச்சிலும் அடிச்சட்டத்திலும் கட்டி, நான்கு மூலைக்கும் நான்கு கயிறு இழுக்க வேண்டும். முன்மூலைக் கயிறுகள் பின்னோக்கி ஓடுவதையும், பின்மூலைக் கயிறுகள் முன்னோக்கி ஓடுவதையும் தடுக்கும். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். எண்ணெய்க் குழாயையும் பூட்டிவிடுங்கள்.

மேலால் போட்டு இறுக்கும் கயிறு பாரத்தைக் கீழே அமுக்கியே பிடிக்கிறது. அது செங்குத்தாக இறங்கினால் முழுப்பலனும் கிடைக்கும்; 30 பாகையில் சரிந்தால் அரைவாசிதான். கயிற்றில் முடிச்சு விழும் இடத்தில் அதன் பலம் பாதிவரை குறையலாம். கூரான விளிம்பில் சாக்கு மடித்து வையுங்கள். நைலோன் கயிறு பாரம் பட நீளும். ஆகவே சில கிலோமீற்றர் போனதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள். வெயிலில் வெளிறிப் பொடியாகும் கயிறு ஆட்டுக்குட்டி கட்டவும் உதவாது.

இரண்டாம் பயணத்துக்கு இரண்டாம் வாடகை. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஏற்றி, மேலே பிள்ளைகளையும் ஏற்றுகிறோம். பல பிக்கப்கள் சுமக்கக்கூடியது ஏறக்குறைய ஒரு தொன். 50 கிலோ மூட்டை இருபதோடு அது முடிந்துவிடும். ஏறும் ஆட்களும் அந்தக் கணக்குக்குள்தான். பாரத்தின் மேலோ, பாரத்துக்கும் முன்சுவருக்கும் இடையிலோ ஒருவரும் இருக்கக்கூடாது. பிள்ளைகளை பஸ்ஸில் அனுப்புங்கள்.

வாடகை பேசும்போதே சாரதியிடம் வளையங்களைக் காட்டச் சொல்லுங்கள். முகஞ்சுளித்தால் வேறு வாகனம் பாருங்கள்.