உங்களுக்குத் தெரியுமா? சேற்றுக்கு ஒரு டயர், மணலுக்கு ஒரு டயர்

பெல்ஜியத்தில் குளிர் தொடங்கிவிட்டால் சைக்கிளோகிராஸ் என்னும் சைக்கிள் பந்தயங்கள் களைகட்டும். புல், சேறு, மணல், படிக்கட்டு என வழியெங்கும் தரை மாறிக்கொண்டே இருக்கும். சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐயின் விதிப்படி டயரின் அகலம் 33 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆகவே சாமர்த்தியமெல்லாம் டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் பட்டனிலும், உள்ளே அடிக்கும் காற்றிலும்தான்.

சேற்று டயரின் பட்டன்கள் உயரமாக, தள்ளித்தள்ளி நிற்கும். சக்கரம் சுழலும்போதே இடுக்கில் சிக்கிய களிமண் உதிர வேண்டும் அல்லவா? பட்டன்கள் நெருங்கியிருந்தால் சேறு அப்பிக்கொள்ளும். டயர் மொழுக்கென்று ஆகி, முதல் வளைவிலேயே வழுக்கிவிடும். கோக்ஸைடே என்ற பெல்ஜிய ஊரின் மணல்மேடுகளில் இதற்கு நேர்மாறு: அரத்தின் முகம்போலப் பொடி வரிகள் கொண்ட டயரையே பலர் விரும்புவார்கள். அது மணலைக் கிளறாமல் மேலோடு உருளும்.

காற்றுதான் எனக்குப் பெரிய வியப்பு. கார் டயருக்கே சுமார் 30 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம். இந்த ஒல்லி டயரிலோ, கடும் சேற்றில் வீரர்கள் 20க்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள்! பந்தயத்துக்கு முன் வழியை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, கட்டைவிரலால் டயரை அழுத்தி, வால்வை லேசாகத் தொட்டு, 'புஸ்'ஸென்று கொஞ்சம் காற்றை விடுவார்கள். மறுபடி ஓட்டம், மறுபடி 'புஸ்'. இத்தனை குறைந்த காற்றிலும் ரிம்மில் இடித்து டியூப் கிழியாமலிருக்க, டியூபை உள்ளே வைத்துத் தைத்த டயரைப் பசைபோட்டு ரிம்மில் ஒட்டுவது இவர்களின் பழைய வழக்கம்.