செவிலி: சொல்லும் பொறுப்பும்

நோயாளரைப் பேணுவோரைத் தமிழ்நாட்டில் 'செவிலியர்' என்றும், மலேசியாவிலும் இலங்கையிலும் 'தாதியர்' என்றும் வழங்குகிறோம். இரண்டும் வளர்ப்புத் தாயைக் குறித்த சொற்களே. தொல்காப்பியக் கற்பியல் செவிலியை ஏவல் செய்பவளாகக் காட்டவில்லை. முக்காலத்தையும் கருதி நல்லதை எடுத்துரைப்பதும் தீயதை விலக்குவதும் அவளுக்குரியன என்கிறது. இன்றைய மருத்துவமனைகளில் அப்பெயர் நிலைத்திருக்கிறது, உரிமையோ சுருங்கிவிட்டது. அச்சுருக்கம் மருத்துவச் செலவை எவ்வாறு பெருக்குகிறது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

கேமரன் மலையில் 'போ' தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பெற்றது. அக்கால மலாயாத் தோட்டங்களில் மருத்துவர் எப்போதாவது வந்துபோவார். நாள்தோறும் காயங்களைக் கழுவி, காய்ச்சலைக் கண்டு, யாரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்று முடிவு செய்தவர் தோட்ட மருத்துவ உதவியாளரே. நம் மக்கள் அவரை 'டிரஸர்' என்றனர். கட்டுப் போடுபவர் என்னும் சிறிய பெயருக்குள் பெரிய பொறுப்பு அடங்கியிருந்தது. அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் சட்டம் இயற்றப்பட்டது. அவர் தாதியர் அல்லர். தோட்ட நிர்வாகத்திடம் ஊதியம் பெற்றவர் என்னும் குறையும் உண்டு. ஆயினும், நோயாளிக்கு அருகிலிருப்பவரே முடிவெடுக்கும் முறைக்கு அவர் ஒரு சான்று.

நீரிழிவு உள்ள தொழிலாளி ஒருவரின் காலில் சிறு புண் தோன்றுகிறது என்று கொள்வோம். அருகிலுள்ள தாதி அதைக் கண்டு உடனே மருந்திட்டால் செலவு சிறிது. அவருக்கு அந்த அதிகாரம் இல்லையெனில், தொழிலாளி தானா ராத்தாவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வண்டிச் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் நேரும். ஆகவே பயணத்தைத் தள்ளிப்போடுவார். புண் முற்றினால் அறுவை, படுக்கை, சில வேளை காலிழப்பு. அரசின் செலவும் குடும்பத்தின் துயரும் ஒருங்கே பெருகுகின்றன.

நெதர்லாந்தில் 2006இல் தொடங்கிய 'பியூர்ட்சோர்க்' அமைப்பில், 12 பேருக்கு மிகாத செவிலியர் குழுக்கள் மேலாளரின்றித் தாமே திட்டமிட்டு, வீடுதேடிச் சென்று பேணுகின்றன. அனுமதிக்கப்பட்ட நேரத்தினும் குறைந்த நேரத்திலேயே நோயாளர் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளப் பழகினர்.

எனவே, செவிலியர் தலைமை என்பது பதவிப் பெயர் அன்று. சிகிச்சையைத் தொடங்கவும், நோயாளரை உரிய இடத்திற்கு அனுப்பவும், செலவுத் திட்டம் வகுக்கும் அவையில் கருத்துரைக்கவும் உள்ள உரிமையே அது. அவ்வுரிமையை மீட்டளிக்கும்போதுதான் 'செவிலி' என்னும் சொல் தன் முழுப் பொருளைப் பெறும்.