கப்பல் கேப்டன் கொடுத்த சிப்பாய்

சதுரங்கத்தில் வெள்ளையின் முதல் நகர்வுக்கு 20 வழிகள். கறுப்பும் பதிலுக்கு ஆடிவிட்டால் 400. வெள்ளை நான்காம் முறை காயை நகர்த்தும்போது, ஆட்டம் வந்திருக்கக்கூடிய பாதைகள் 319 கோடியைத் தாண்டிவிடும். அவற்றில் ஒன்றை 1820களில் கண்டெடுத்தவர் வேல்ஸைச் சேர்ந்த வில்லியம் டேவிஸ் இவான்ஸ். தபால் கப்பலின் கேப்டன். செஸ் அவருக்குப் பொழுதுபோக்குதான்.

இரு ராஜாக்களுக்கும் முன்னால் நிற்கும் சிப்பாய்கள் இரண்டு கட்டம் ஏறியாயிற்று. இரு பக்கமும் ஒரு குதிரை, ஒரு பிஷப் வெளியே வந்தாயிற்று. இங்கே இவான்ஸ் தன் பி-சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிக் கறுப்பு பிஷப்பின் வாயிலேயே வைத்தார். இதுதான் இவான்ஸ் காம்பிட்.

பிஷப் வெட்டுகிறது. உடனே சி-சிப்பாய் ஒரு கட்டம் ஏறி அதைத் துரத்துகிறது. ஒரே பிஷப் மூன்றாம் முறையாக நகர்ந்தாக வேண்டும். வெளியே வந்த குதிரையைத் தவிர கறுப்பின் மற்ற காய்கள் வீட்டிலேயே கிடக்கின்றன. துரத்திய சிப்பாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு: அடுத்து டி-சிப்பாய் பலகையின் நடுவே பாயும்போது அதுதான் துணை. வெள்ளை பிஷப் குறிவைப்பதோ எஃப்7 கட்டத்தை. அங்கே ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. சிப்பாயைக் கொடுத்து வெள்ளை வாங்கியது நேரம்.

1852இல் பெர்லினில் செஸ் வீரர் ஆண்டர்சன் ஆடிய, 'என்றும் பசுமை ஆட்டம்' எனப் பெயர்பெற்ற ஆட்டமும் இந்தத் தொடக்கத்தில் பிறந்ததே. பிறகு உலக சாம்பியன் லாஸ்கர் மாற்று சொன்னார்: பிடித்த சிப்பாயைக் கட்டிக்கொண்டு அழாதே, தகுந்த தருணத்தில் திருப்பிக் கொடுத்துவிடு. நேரக்கடன் தீர்ந்து, கறுப்பு நிம்மதியாக ஆடலாம். பெரிய போட்டிகளில் இவான்ஸ் காம்பிட் அருகிப்போனது.

1995இல் ரிகாவில் காஸ்பரோவ் அதைத் தூசி தட்டி எடுத்தார். எதிரே விஸ்வநாதன் ஆனந்த். 25 நகர்வுகளில் ஆனந்த் தோற்றார்.

மாற்று இருப்பது வேறு, கடிகாரம் ஓடும்போது பலகையில் அதைக் கண்டுபிடிப்பது வேறு. தாக்குபவர் ஒரு நகர்வில் பிசகினால் வேகம் குறையும். தடுப்பவர் பிசகினால் ராஜாவே போகும். உள்ளூர்ப் போட்டிகளில் ஆடும் அமெச்சூர்கள் இன்றும் அந்தச் சிப்பாயைத் துணிந்து கொடுப்பது இந்தக் கணக்கில்தான்.