தாழ்ந்த கூரையும் பரணின் பயனும்

கிராமப்புறங்களில் அரசு உதவியுடன் கட்டப்படும் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு, 2016-ஆம் ஆண்டில் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம் தொடங்கப்பட்டபோது, 20 சதுர மீட்டரிலிருந்து 25 சதுர மீட்டராக உயர்த்தப்பட்டது. சமையலுக்கான இடமும் இதில் அடங்கும். இப்பரப்புக்குள் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்க வேண்டும். பிள்ளைகள் படிக்கவும் வேண்டும். அப்படியாயின், அடுத்த பருவத்துக்கான விதையையும், உணவுத் தானியத்தையும், நிலப் பத்திரங்களையும் எங்கே வைப்பது? தரையில் இடமில்லாதபோது தலைக்கு மேலுள்ள இடத்தை நாடுவது இயல்பே.

பரண் நமது நாட்டுக்குப் புதியதன்று. காஷ்மீரத்தில் செங்குத்தான கூரையின் அடியிலுள்ள மேல்தளம் பொருள்களைச் சேமிக்கும் இடமாகப் பயன்பட்டு வந்துள்ளது. வடகிழக்கு மலைப்பகுதி வீடுகளில் அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டுகள் தொங்குவதைக் காணலாம். அடுப்பின் வெப்பமும் புகையும் அத்தட்டுகளில் உள்ள விதைகளை உலர்த்தி, வண்டு அணுகாமல் காக்கின்றன.

எவ்வளவு இடம் கிடைக்கும்?

4 மீட்டர் அகலமுள்ள ஓர் ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். பக்கச் சுவர்களின் உயரம் 2 மீட்டர். முகட்டின் உயரம் 3.2 மீட்டர். சுவரின் மேல்மட்டத்துக்கும் முகட்டுக்கும் இடையே உள்ள முக்கோண வெளி, வீட்டின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 2.4 கன மீட்டர் ஆகும். இருபுறமும் கைக்கு எட்டாத மூலைகளைத் தள்ளிவிட்டாலும் பாதியளவு பயன்படும். ஒரு பெரிய அலமாரியின் கொள்ளளவுக்கு இது குறைந்ததன்று. தரையில் ஓர் அடி இடமும் இதனால் குறைவதில்லை.

ஆயினும் பரண் முழு வீட்டையும் மூடலாகாது. கீழே நிற்பவருக்குத் தலை இடிக்காமலும் காற்று தடைப்படாமலும் இருக்க வேண்டும். ஆகவே வீட்டின் ஒரு கோடியில், நின்று வேலை செய்யத் தேவையில்லாத பகுதிக்கு மேல் பரண் அமைப்பதே தக்கது.

சுமையைத் தாங்குவது எது?

பலரும் தவறு செய்வது இவ்விடத்தில்தான். கூரையின் கைமரங்களிலிருந்தே பரணைத் தொங்கவிடுவதும், குறுக்குச் சட்டங்களின்மேல் பலகைகளைப் பரப்பி மூட்டைகளை அடுக்குவதும் வழக்கமாக உள்ளன. கட்டடங்களின் சுமை பற்றிய இந்தியத் தரநிர்ணயம் 1987-இல் திருத்தப்பட்டது. அதன்படி, வீட்டின் சேமிப்பு அறைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ சுமை கணக்கிடப்படுகிறது. பழுதுபார்க்க மட்டுமே ஏறும் கூரைக்கோ சுமார் 75 கிலோதான். சரிவு மிகுந்தால் அதனினும் குறைவு. அதாவது, 75 கிலோ மூட்டைகள் நான்கை ஒரு சதுர மீட்டரில் தாங்க வேண்டிய பரணை, ஒரு மூட்டைக்கும் உறுதியளிக்காத கூரையின்மேல் சுமத்துகிறோம்.

எனவே பரணின் சட்டங்கள் சுவரிலிருந்து சுவருக்குச் செல்ல வேண்டும். கோடியிலுள்ள முக்கோணச் சுவருக்கும் அதற்கு எதிரேயுள்ள தடுப்புச் சுவருக்கும் இடையே குறுகிய சட்டங்களைப் பதிப்பது சிக்கனமானது. தடுப்புச் சுவரும் சுமை தாங்கும் வலிமையுடையதாக இருத்தல் அவசியம். மண் சுவராயின் தூண்கள் நிறுத்துதல் வேண்டும்.

நிலநடுக்கப் பகுதிகளில் மேலும் எச்சரிக்கை தேவை. 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதியில் கனத்த மண் கூரைகளும் கல் சுவர்களும் சரிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தலைக்கு மேலுள்ள பளு எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு அது சான்றாகும். அத்தகைய இடங்களில் பரணில் இலேசான பொருள்களை மட்டுமே வைத்து, அவை சரியாதபடி விளிம்பில் தடுப்புச் சட்டம் அமைக்க வேண்டும்.

வெப்பமும் வெள்ளமும்

தகரக் கூரையின் அடியில் கோடையில் கடும் வெப்பம் தேங்கும். விதையின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் உயருந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது விதையியலார் கூறும் பொது விதி. தகரத்தை ஒட்டி வைக்கப்பட்ட விதை, பார்வைக்கு நன்றாயிருந்தும் வயலில் முளைக்காமற் போகலாம். அத்தகைய வீட்டில் விதையைக் கீழே குளிர்ந்த இடத்தில் வைத்து, பாத்திரங்களையும் கருவிகளையும் பரணுக்கு மாற்றுவதே அறிவுடைமை. இருபுற முக்கோணச் சுவர்களிலும் வலையிட்ட துளைகள் அமைத்தால் சூடான காற்று வெளியேறும்; எலியும் நுழையாது.

அஸ்ஸாம், வடபீகார் போன்ற வெள்ளப் பகுதிகளில் நிலைமை வேறு. அங்கு மழைக்காலத்தில் விதையும் பத்திரங்களும் பரணில் இருப்பதே பாதுகாப்பு. ஆனால் மனிதர் ஒதுங்கும் இடமாகப் பரணைக் கருதலாகாது. நீர் மட்டம் உயர்ந்தால் கூரைக்கடியில் வெளியேற வழியிராது. தேசியக் கட்டட விதித்தொகுப்பும், 1.5 மீட்டருக்கு மேற்படாத உயரமுடைய, பொருள்களை வைப்பதற்கான இடமாகவே பரணை வரையறுக்கிறது.

கட்டி முடித்த வீட்டில் பின்னர் பரண் சேர்ப்பது செலவும் இடரும் மிக்கது. வரைபடம் தயாரிக்கும்போதே சட்டங்கள் பதியும் இடத்தையும், ஏறுவதற்குரிய உறுதியான ஏணியையும் குறித்துவிட்டால் செலவு சிறிதே. வீட்டு வரைபடத்துக்கு ஒப்புதல் அளிக்கும் அலுவலர், ‘இக்குடும்பத்தின் விதை எங்கே வைக்கப்படும்?’ என்ற வினாவையும் எழுப்புவாராயின், சிறிய வீடும் நிறைவான வீடாகும்.