ரெஸ்யூமேயில் குணத்தை அல்ல, வேலையை எழுதுங்கள்

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், தெற்கே மறைமலைநகர், மேற்கே ஒரகடம், கிழக்கே ஓ.எம்.ஆர். என்று நம் புறநகரைச் சுற்றி வேலை தரும் இடங்கள் நிறைய. விண்ணப்பங்களும் நிறைய. தேர்வு செய்பவர் ஒவ்வொன்றையும் நின்று நிதானமாகப் படிக்க மாட்டார். முதல் அரைப் பக்கத்திலேயே நீங்கள் யார் என்று தெரிய வேண்டும்.

ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் அது தெரியாது. ‘ஹார்ட் வொர்க்கர்’, ‘டீம் பிளேயர்’, ‘குயிக் லேர்னர்’ ஆகியவை எல்லோரும் எழுதுகிற சொற்கள். உங்களை அடுத்தவரிடமிருந்து பிரித்துக் காட்டும் வலு அவற்றுக்கு இல்லை.

அதற்குப் பதில் ஒவ்வொரு வரியும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லட்டும்: என்ன செய்தேன்? எதைக் கொண்டு செய்தேன்? எவ்வளவு செய்தேன்?

‘புரொடக்‌ஷனில் அனுபவம் உண்டு’ என்பதை இப்படி மாற்றலாம்: ‘சி.என்.சி. லேத்தை 2 ஆண்டுகள் இயக்கினேன். ஷிப்டுக்கு 200 ஷாஃப்ட்களை மைக்ரோமீட்டரில் அளந்து சரிபார்த்தேன்.’

‘அக்கவுன்ட்ஸ் தெரியும்’ என்பதை: ‘டேலியில் தினமும் 50 பில்களைப் பதிவு செய்தேன், மாதந்தோறும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கான கணக்கைத் தயாரித்தேன்.’

ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ என்று தொடங்காதீர்கள். அது பொறுப்பைச் சொல்கிறது, வேலையைச் சொல்வதில்லை. ‘ஆப்பரேட்டட்’, ‘இன்ஸ்பெக்டட்’, ‘டிரெய்ன்டு’ என்று வினைச்சொல்லில் தொடங்குங்கள். ஆங்கிலம் தடுமாறினால் முதலில் தமிழில் எழுதி, பிறகு மாற்றுங்கள்.

நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். 2022 ஜூலையில் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றது. அப்படி ஓர் ஆலை மூடும்போது, பல ஆண்டுகள் ஒரே இடத்தில் உழைத்தவர்களும் புதிதாக ரெஸ்யூமே எழுத வேண்டியிருக்கிறது. அதில் ‘15 ஆண்டு அனுபவம்’ என்ற ஒரு வரி போதாது. பாடி ஷாப்பா, பெயின்ட் ஷாப்பா, எந்த மெஷின், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்பவைதான் அடுத்த நிறுவனத்துக்குப் பயன்படும் விவரங்கள்.

படிப்பை இப்போதுதான் முடித்தவர்கள் புராஜெக்டில் தங்கள் பங்கு எது என்று எழுதலாம். குடும்பத்துக்காக வேலையை விட்டிருந்த பெண்கள், அந்த ஆண்டுகளில் டியூஷன் எடுத்ததையும் சுயஉதவிக் குழுக் கணக்கைப் பார்த்ததையும் தயங்காமல் சேர்க்கலாம். அதுவும் வேலைதான்.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் மென்பொருள்தான் விண்ணப்பங்களை முதலில் சலிக்கிறது. அறிவிப்பில் ‘குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன்’ என்று இருந்து, அந்த வேலையை நீங்கள் செய்திருந்தால், அதே சொல்லையே எழுதுங்கள். ஒரே ரெஸ்யூமேயைப் பத்து இடங்களுக்கு அனுப்பாமல், இடத்துக்கு ஏற்ப முதல் சில வரிகளை மாற்றுங்கள். மதம், அப்பாவின் தொழில் போன்றவை வேண்டாம்.

தெரியாததைத் தெரியும் என்று மட்டும் எழுதாதீர்கள். முதல் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படியுங்கள். இன்டர்வியூவில் அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச முடிந்தால் இருக்கட்டும். முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள்.